மருந்துத் துளிகளும் மின்னேற்றமும்



தெளிகருவியின் முனையினின்று வெளிப்படும் மருந்துநீர் முதலில் மெல்லிய படலமாகவும் இழையாகவும் நீண்டு, பின்னரே துளிகளாக உடைகின்றது. நீரின் மேற்பரப்பு எந்நேரமும் சுருங்க முயல்வதே இதற்குக் காரணம். அவ்விழுவிசையால் நீர்த்தாரை இடையிடையே ஒடுங்கி அறுபடும். இவ்வாறு பிறக்கும் துளிகள் தாரையின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு பருத்தவை.

தாரைக்கு மின்னேற்றம் ஊட்டினால் நிகழ்வது வேறு. ஒரே இன மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும். மேற்பரப்பு உள்நோக்கிச் சுருங்க முயல, மின்னேற்றம் வெளிநோக்கித் தள்ளும். தள்ளும் விசை மிகுமாயின் துளி தானே சிதறிவிடும். இவ்வெல்லையை இங்கிலாந்து அறிஞர் றேலி பிரபு 1882 ஆம் ஆண்டிற் கணித்தார்.

0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளியின் நீரைக்கொண்டு 0.05 மில்லிமீற்றர்த் துளிகள் 64 ஆக்கலாம். ஆயினும் இத்துணைச் சிறிய துளிகளைக் காற்று எளிதில் அடித்துச்செல்லும். மின்னேற்றத்தின் பயன் இங்கேதான் தெரிகின்றது. மின்னேறிய துளிகள் பயிரை அணுகும்போது நிலத்திலிருந்து எதிரின மின்னேற்றம் இலைக்கு ஏறி அவற்றை இழுக்கும். அதனால் இலையின் அடிப்புறத்திலும் மருந்து படியும். மிளகாய், கத்தரி முதலியவற்றின் இலைக்கடியில் வாழும் வெண் ஈக்கும் சிற்றுண்ணிக்கும் மருந்திடுவோர்க்கு இது பெரிய உதவியே.

நெல்லுக்கு அவ்வளவு நன்மையை எதிர்பார்த்தல் கூடாது. கபில நிறத் தத்தி தூரின் அடியில் இருப்பது. அடர்ந்த பயிரிலோ மின்னேறிய துளிகள் மேலிலைகளிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆகவே எக்கருவியாயினும் தெளிமுனையைத் தூரடிக்குத் திருப்பியே தெளித்தல் வேண்டும்.

கருவி வாங்குமுன் ஒன்றை விசாரித்தறிக. மின்கலம் பூட்டிய முதுகுத் தெளிகருவிகள் கடைகளிற் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் மின்கலம் பம்பியை இயக்குமேயன்றித் துளிக்கு மின்னேற்றாது. உண்மையில் மின்னேற்றும் கருவியில் ஆயிரம் வோல்ற்றும் அதற்கு மேலும் முனையருகே நிற்கும். அம்முனையில் மருந்து படிந்து ஈரமாயிருப்பின் மின் கசிந்துவிடும். பின்னர் அதுவும் சாதாரணத் தெளிகருவியே. தெளித்து முடிந்ததும் மின்னை நிறுத்தி, முனையைத் தூயநீராற் கழுவி உலரவிடுக. நுண்துளிகள் மூச்சுடன் உட்செல்லும் ஆதலால் மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசமின்றித் தெளித்தல் ஆகாது. காற்று வீசும் வேளையில் மின்னேற்றத்தை நம்பியும் தெளிக்கற்க.