உச்சியிலிருந்து ஒரு கண்

செஞ்சிக் கோட்டையோட ராஜகிரி மலை உச்சிக்கு ஏறியிருக்கீங்களா, நேயர்களே? மூச்சு வாங்கும், ஆனா மேலே போய் நின்னா சுத்துவட்டாரமே கண்ணுக்குத் தெரியும். கோட்டைக் காவல்காரருக்கு அது எவ்வளவு வசதி! இன்னைக்கு அந்த மாதிரி காவல், தொழிற்சாலைக்குள்ளே நடக்குது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில 1998-லிருந்து ஹூண்டாய் கார் தயாராகுது. அங்கே தீப்பொறி பறக்க வெல்டிங் வைக்கிறது ரோபோ கைகள். சரி, வேலை சுத்தமா இருக்கான்னு யார் பார்க்கிறது? இணையத்தோட இணைஞ்ச ஆலைகள்ல, நகர்ந்து வர்ற ஒவ்வொரு பாகத்தையும் கேமரா படம் பிடிக்கும். கம்ப்யூட்டர் அதைச் சரியான பாகத்தோட படத்துக்குப் பக்கத்துல வச்சு ஒப்பிடும். மயிரிழை கீறல் இருந்தாலும் ரோபோ அதைத் தனியா ஒதுக்கிடும். அந்தப் படத்தை வேற ஊர்ல உட்கார்ந்திருக்கிற இன்ஜினியரும் அப்பவே பார்க்கலாம். இப்படித்தான் 2020 ஊரடங்குல பல கம்பெனிகள் இயந்திரங்களை வீடியோவிலேயே சோதிச்சு வாங்கினாங்க.

ஒரு வேடிக்கை என்னன்னா, கேமரா லென்ஸ்ல தூசி படிஞ்சா நல்ல பாகத்தையும் பழுதுன்னு சொல்லிடும். அதைத் துடைக்க ஆள் பக்கத்துலயே இருக்கணும்!