தோற்ற கதையையும் சொல்லுங்கள்

திருவனந்தபுரம் சாலை பஜாரிலும் கரமனையிலும் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோர், ஓட்டத்தில் ஆர்வமுள்ள பிள்ளையிடம் "பி.டி. உஷாவைப் போல ஓடு" என்று சொல்வதுண்டு. நல்ல வார்த்தைதான். ஆனால் பெயரை மட்டும் சொன்னால் போதாது, கதையையும் சொல்லவேண்டும். அதில் தோற்ற பகுதியை விட்டுவிடக் கூடாது.

1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பயிற்சிப் பிரிவைத் தொடங்கியது. சிறு வயதில் உடல்நலம் குன்றியிருந்த உஷா, அங்கே ஓ.எம். நம்பியாரிடம் பயிற்சி பெற்றார். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்கு வந்தார். வேறொரு வீராங்கனை முந்திப் புறப்பட்டதால் ஓட்டம் மறுபடி தொடங்கப்பட்டது. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41 விநாடி, உஷாவுக்கு 55.42. விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் கை நழுவிற்று.

அவர் ஓய்ந்துவிடவில்லை. 1986 சியோல் ஆசியப் போட்டியில் 4 தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். இடையில் இருந்தது இரண்டு வருட உழைப்பு. பிள்ளைகள் கேட்கவேண்டியது அந்த இடைப்பகுதியைத்தான். வெற்றியை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை, பள்ளிப் பந்தயத்தில் நான்காவதாக வந்தால் மனம் ஒடிந்துவிடும். உஷாவும் நான்காவதாக வந்தவர்தான் என்று அறிந்த பிள்ளைக்கு மறுநாளும் மைதானத்துக்குப் போகத் தெம்பு வரும்.

நம்மவர் கதை

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் மோதி வலது கால் நசுங்கியது. தாயார் செங்கல் சுமந்தும் காய்கறி விற்றும் வளர்த்தார். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் உயரம் தாண்டத் தூண்டினார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிசில் வெண்கலம். கூலி வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு இக்கதை இன்னும் நெருக்கமானது.

பயிற்சிக்கும் இங்கே வழி உண்டு. கேரள விளையாட்டு கவுன்சிலை நிறுவிய ஜி.வி. ராஜாவின் பெயரில், அருவிக்கரையை அடுத்த மைலத்தில் அரசு விளையாட்டுப் பள்ளி நடைபெறுகிறது. படிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

ஆனால் கதை வீட்டில்தான் தொடங்கவேண்டும். இரவுச் சாப்பாட்டு வேளையில் பத்து நிமிஷம் போதும். "அவளைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று ஒப்பிட்டால் அது கதையல்ல, வசவு. "அவளும் ஒரு நாள் தோற்றாள், பிறகு என்ன செய்தாள் தெரியுமா?" என்று தொடங்கினால் பிள்ளை காது கொடுத்துக் கேட்கும்.