அணு உலையும் அரணும்

சத்தியமங்கலத்திற்கு மேற்கே பவானியாற்றின் குறுக்கே 1955-ஆம் ஆண்டில் பவானிசாகர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. அணை நிரம்பி மிகுநீர் திறக்கப்படுங்கால், கரையோர மக்களுக்கு முன்னறிவிப்புச் செய்யப்படுகின்றது. பயன் தரும் பேராற்றல் எதுவாயினும், அதற்குரிய காவலும் உடன் அமைதல் வேண்டும். அணு மின்நிலையத்திற்கு இவ்வுண்மை பெரிதும் பொருந்தும்.

யுரேனியத்தின் அணுக்கரு பிளவுறும்போது பெருவெப்பம் தோன்றுகின்றது. அவ்வெப்பத்தால் எழும் நீராவி சுழலியைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கின்றது. அடுப்பில் விறகை இழுத்த பின்னும் தணல் கனல்வது போல, உலையை நிறுத்திய பின்னும் வெப்பம் எழுந்துகொண்டேயிருக்கும். ஆகவே, உலையை நிறுத்துதல், இடையறாது குளிர்வித்தல், கதிரியக்கப் பொருள் வெளிப்படாமல் அடக்குதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கிற்று. அங்குள்ள அணு மின்நிலையத்தில் இரண்டாம் உலை அப்பொழுது இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் நீரிறைக்கும் கூடத்துள் புகுந்தது. உலை உடனே நின்றது. பின்னரும் தொடர்ந்து குளிர்விக்கப்பெற்றமையால் கதிரியக்கத் தீங்கு நேரவில்லை. எனினும், அண்மையிலிருந்த ஊழியர் குடியிருப்பில் அலை பல உயிர்களைக் கவர்ந்தது. உலைக்குக் காவல் இருந்தது. கரையிலிருந்தோர்க்கு முன்னறிவிப்பு இல்லை.

2011 மார்ச் 11 அன்று சப்பான் நாட்டுப் புகுசிமாவிலும் நிலநடுக்கத்தின்போது உலைகள் நின்றன. ஆனால், பின்வந்த பேரலை அவசர மின்னாக்கிகளை மூழ்கடித்தது. குளிர்விக்க வழியின்றி மூன்று உலைகளின் எரிபொருள் உருகிற்று. இலட்சத்திற்கு மேற்பட்டோர் தம் ஊரை விட்டு வெளியேறினர்.

தீங்கு நிலையத்திற்கு வெளியே பரவுமாயின், மக்களைக் காக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சித்தலைவரைச் சாரும். நம் நாட்டில் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தொலைவு வரை இதற்கெனத் திட்டம் வகுக்கப்பெற்றுள்ளது. அறிவிப்புக் கேட்டவுடன் வீட்டினுள் புகுந்து கதவு, சன்னல்களை அடைத்தல் வேண்டும். திறந்து கிடந்த உணவையும் நீரையும் விலக்குதல் வேண்டும். ஆணை பிறந்தால் ஒழுங்காக ஊர்விட்டு நீங்குதல் வேண்டும். அயோடின் மாத்திரை கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை மட்டுமே, அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்தே காக்கும். அதனை அறிவிப்பின்றி உட்கொள்ளலாகாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆதலால், இத்திட்டங்கள் அவ்வப்போது ஒத்திகை பார்க்கப்பெறுகின்றன. எவ்வழியே செல்வது, எங்குக் கூடுவது, முதியோரையும் நோயாளிகளையும் யார் அழைத்துச் செல்வது என்பவற்றை அப்பகுதி மக்கள் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை ஒளிவின்றி உரைப்பது ஆள்வோர் கடமை. கேட்டறிந்து வதந்திக்கு இடங்கொடாமல் ஒழுகுவது மக்கள் கடமை. இவ்விரண்டும் கூடிய இடத்திலேயே அரண் முழுமை பெறும்.