சூடு குறைந்த வெளிச்சம்

சினிமாவில் நடிப்பவரின் முகம் பளிச்சென்று தெரிகிறது. டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் முகமும் அப்படித்தான். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

தாதாசாகேப் பால்கே 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்ற ஊமைப் படத்தை வெளியிட்டார். பம்பாயில் எடுத்த படம் அது. அவருக்குச் சூரியன்தான் விளக்கு. மேகம் மறைத்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு ஸ்டூடியோக்களுக்கு மின்விளக்குகள் வந்தன. பல ஆண்டுகள் ஆட்சி செய்தது டங்ஸ்டன் விளக்கு. வீட்டில் எரிந்த குண்டு பல்புக்கு இது பெரிய அண்ணன். உள்ளே ஒரு மெல்லிய கம்பி இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி கொதித்து ஒளி விடும். 100 பங்கு மின்சாரம் கொடுத்தால் 90 பங்குக்கு மேல் வெப்பமாகவே போய்விடும். வெளிச்சத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இந்த வெப்பத்தை முதலில் தாங்குபவர் லைட்மேன். விளக்குகளைத் தூக்குபவர், கட்டுபவர், திருப்புபவர் அவரே. ஸ்டூடியோவின் கூரையை ஒட்டிப் பரண் இருக்கும். அங்கே நின்றுதான் பல விளக்குகளைத் திருப்ப வேண்டும். சூடான காற்று மேலேதானே போகும்? வசனம் பதிவாகும்போது மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். அதன் சத்தம் மைக்கில் விழுந்துவிடும். எரிந்த விளக்கைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் வெந்துவிடும். ஹாலஜன் பல்பு அணைந்திருந்தாலும் வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறும். பல்பு வெடித்துவிடலாம்.

இப்போது எல்.இ.டி. விளக்கு வந்திருக்கிறது. இதில் கொதிக்கும் கம்பி இல்லை. கடுகு போன்ற சிறு துண்டுகள் மின்சாரம் பாய்ந்ததும் ஒளி விடுகின்றன. முதலில் சிவப்பு, பச்சை ஒளிதான் கிடைத்தது. நீல ஒளி கிடைத்த பிறகே வெள்ளை வெளிச்சம் கைகூடியது. நீல ஒளியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மிச்சம் எவ்வளவு?

1000 வாட் டங்ஸ்டன் விளக்கு செய்யும் வேலையை ஏறக்குறைய 200 வாட் எல்.இ.டி. செய்துவிடும். ஒரு ஸ்டூடியோவில் 10 விளக்குகள் 8 மணி நேரம் எரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். டங்ஸ்டன் என்றால் 80 யூனிட் செலவாகும். எல்.இ.டி. என்றால் 16 யூனிட் போதும். வெப்பம் குறைவதால் ஏ.சி.க்கு ஆகும் செலவும் குறையும். வெளியூர்ப் படப்பிடிப்பில் இந்தப் பத்தையும் ஒரு வீட்டின் 15 ஆம்ப் பிளக்கிலேயே எரிக்கலாம். டங்ஸ்டன் என்றால் மூன்றுக்கு மேல் தாங்காது. டீசல் ஜெனரேட்டர் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. நல்ல விளக்கின் விலை அதிகம். மலிவு விளக்கில் சிவப்பு ஒளி குறைவு. மாநிறத் தோல் அதில் சோகை பிடித்ததுபோல் தெரியும். சில மலிவு விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். மனிதக் கண்ணுக்கு அது தெரியாது. கேமராவுக்குத் தெரிந்துவிடும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

லைட்மேனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. முன்பு நிறம் மாற்ற வேண்டுமானால் ஏணியில் ஏறி, விளக்கின் முன் நிறத் தாளை மாட்ட வேண்டும். இப்போது கீழே இருந்தே ஒரு பொத்தானைத் திருகினால் மஞ்சள் வெயிலும் வரும், நீல நிலவும் வரும். உடம்புக்கு இது நல்லது. ஆனால் நாலு பேர் செய்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று முதலாளி நினைக்கலாம். அந்தப் பயம் நியாயமானதே. பொத்தானுக்கு மேலே சிறு திரையில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் ஓடுகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த லைட்மேன் அந்தப் பொத்தானை இயக்குகிறார். தெரியாதவர் இன்னும் ஸ்டாண்டுதான் தூக்குகிறார்.