பத்து ரூபாய் பாக்கெட் வேண்டாம்... பத்து நிமிஷம் கொடுங்க!

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் வீசிவிட்டு, "அம்மா, பசிக்குது... பத்து ரூபா குடு, கடைக்குப் போறேன்" என்கிறதா உங்கள் பிள்ளை? மந்தாரக்குப்பத்தில் மட்டுமா, எல்லா ஊரிலும் இதே கதைதான். காசு கொடுக்கிறோம், உப்பும் எண்ணெயும் நிறைந்த ஒரு பாக்கெட் வீட்டுக்கு வருகிறது. அதைத் தின்ற பிள்ளை ராத்திரி சோற்றைத் தொடாது. "பசியே எடுக்கல டாக்டர், ஏதாவது லேகியம் கொடுங்க" என்று வரும் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, "சாயங்காலம் என்ன கொடுக்கறீங்க?" என்பதுதான்.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். பஞ்சு மிட்டாயில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்தது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது நினைவிருக்கிறதல்லவா?

செலவு குறைந்த தின்பண்டங்கள்

பொட்டுக்கடலை உருண்டை: ஒரு கப் பொட்டுக்கடலையைப் பொடித்து, அரை கப் வெல்லத்தூள், ஒரு ஏலக்காய் சேருங்கள். உருக்கிய நெய்யைச் சூடாக விட்டுக் கலந்து, கை பொறுக்கும் சூடு வந்ததும் உருண்டை பிடிக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். வெல்லமும் இனிப்புதான், தின்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும்.

முளைப்பயறு: காலையில் ஊறவைத்த பச்சைப்பயறை இரவு ஈரத்துணியில் கட்டி வைத்தால், மறுநாள் சாயங்காலம் முளை விட்டிருக்கும். ஆவியில் வேகவைத்துத் தேங்காய்த் துருவல் தூவிக் கொடுங்கள்.

பலாக்கொட்டை: பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் கொட்டையைக் குப்பையில் போடாதீர்கள். உப்புப் போட்டு வேகவைத்து நாலைந்து கொடுங்கள். அதிகமானால் வாயு.

முந்திரிப் பழம்: நம் பக்கத்தில் சும்மாவே கிடைக்கும், வைட்டமின் சி நிறைந்தது. தொண்டை கரகரக்காமலிருக்க நறுக்கி உப்புத் தடவிக் கொடுங்கள். ஆனால் பச்சை முந்திரிக்கொட்டையைப் பிள்ளைகள் கடிக்கவோ, தாங்களாகச் சுடவோ கூடாது. ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் உதடும் தோலும் வெந்துவிடும். பட்டுவிட்டால் நன்றாகக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

வேர்க்கடலையும் நல்லதே. ஆனால் வீட்டில் நாலு வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை இருந்தால் முழுக்கடலை அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. புரையேறி மூச்சை அடைத்துவிடும். கடலையோ முந்திரியோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதைத் தரவே கூடாது.

பரிசு எது?

"கணக்குப் போட்டால் சாக்லேட்" என்று பேரம் பேசாதீர்கள். தின்பண்டம் பசிக்கு, பரிசு உங்கள் நேரம். "வீட்டுப்பாடம் முடிச்சா ஒரு ஆட்டம் பல்லாங்குழி" என்று சொல்லிப் பாருங்கள். பதினாலு குழியைத் தரையில் சாக்பீஸால் வரைந்தாலே போதும். புளியங்கொட்டையை எண்ண எண்ணக் கூட்டலும் கழித்தலும் தானே வரும்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினம் 60 நிமிஷமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாண்டி, கயிறு தாண்டுதல், ஓடிப்பிடித்தல் எதற்கும் காசு வேண்டாம். லாரி ஓடும் ரோட்டோரம் மட்டும் வேண்டாம். வெயில் தாழ்ந்த பிறகு வாசலிலோ மொட்டை மாடியிலோ, பெரியவர் ஒருவர் கண் முன்னால் விளையாடட்டும்.

இன்னொன்று: ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, ஒரு ஸ்பூன் வெந்தயம் தூவித் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். சில நாளில் கீரை தலைகாட்டும். கீரை என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகூடத் தான் வளர்த்ததை ருசி பார்க்கும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் பசியில்லை, முகம் வெளிறியிருக்கிறது, எடை குறைகிறது என்றால் லேகியம் தேடி அலையாதீர்கள். டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ரத்தசோகையோ வயிற்றுப் பூச்சியோ இருந்தால் எளிதில் குணப்படுத்தலாம்.

இன்று சாயங்காலமே பொட்டுக்கடலை டப்பாவை எடுங்கள், உருண்டை பிடிக்கப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்!