வெறுங்கைக் கலை – 9: பத்தாண்டுகளில் மூன்று கட்டாக்கள்

சென்ற இதழில் விளக்கப்பட்ட கராத்தே ஆசான் சோக்கோன் மாத்சுமுராவின் மரபில், ஓர் ஆசிரியரிடம் நெடுங்காலம் பயில்வது நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதற்கு, அவருடைய மாணவர்களிடம் கற்ற கிச்சின் ஃபுனகோஷியின் இளமைக்காலமே தெளிவான சான்று. 1868-இல் ஒக்கினாவாத் தீவின் ஷூரியில் நலிந்த உடலோடு பிறந்த ஃபுனகோஷி, தம் பள்ளித் தோழனின் தந்தையும் மாத்சுமுராவின் மாணவருமான அன்கோ அசாத்தோவிடம் சிறுவயதிலேயே கராத்தே பயிலச் சேர்ந்தார். நைஹாஞ்சி என்னும் கட்டாவின் மூன்று வடிவங்களைக் கற்பதற்கே தமக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன என்று அவர் பின்னாளில் எழுதியுள்ளார்.

கட்டா என்பது தடுப்பு, குத்து, உதை, திருப்பம் ஆகியவற்றை எதிராளி இல்லாமலேயே மாறாத வரிசையில் செய்யும் பயிற்சித் தொடர். சிலம்பத்தில் காலடி வரிசைகளைப் பழகியவர்களுக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். நைஹாஞ்சியில் பயில்பவர் முன்னும் பின்னும் செல்வதில்லை. கால்களை அகற்றி, முழங்கால்களை மடித்து, குதிரைமேல் அமர்ந்தவரைப் போன்ற தாழ்நிலையில் நின்று, ஒரே கோட்டில் இடமும் வலமுமாக மட்டுமே நகர்கிறார். பிற்காலத்தில் ஃபுனகோஷி இதற்குத் தெக்கி என்று புதுப்பெயர் இட்டார். இதன் முதல் வடிவத்தைச் செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது; அசைவுகளின் வரிசையை மனப்பாடம் செய்யச் சில நாட்கள் போதும். அப்படியிருக்க, மீதமுள்ள ஆண்டுகளில் கற்கப்பட்டது என்ன என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கராத்தே வெளிப்படையாகக் கற்பிக்கப்படாத காலம் அது. ஆகவே வகுப்பு இரவில்தான் நடந்தது. பள்ளி ஆசிரியராகப் பணியேற்ற பின்னரும், நிலவில்லாத இரவுகளில் கையில் விளக்கை ஏந்தி இருளில் நடந்து அசாத்தோவின் வீட்டுக்குச் செல்வதை ஃபுனகோஷி வழக்கமாகக் கொண்டிருந்தார். விடியும் வேளையில் வீடு திரும்பும் இளைஞர் எங்கே போய் வருகிறார் என்று அக்கம்பக்கத்தார் தவறாகப் பேசிக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை. வீட்டு முற்றத்தில் மாணவர் கட்டாவைச் செய்ய, ஆசிரியர் மங்கிய விளக்கின் அருகே, ஹக்காமா என்னும் மடிப்புவைத்த சடங்கு உடையில், முதுகு வளையாமல் நிமிர்ந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். மறுபடியும் செய்யச் சொல்வதும், இன்னும் சற்று முயலச் சொல்வதும் தவிர அவர் வாய் திறப்பது அரிது. நன்று என்னும் ஒற்றைச் சொல்லே அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு. அவர் மனம் நிறையும் வரை அடுத்த கட்டாவுக்குப் போக இயலாது என்பதால், மாதக்கணக்கில் ஒன்றையே செய்வது எரிச்சலையும் சில வேளைகளில் அவமான உணர்வையும் தந்தது என்று ஃபுனகோஷி ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். பயிற்சி முடிந்ததும் அதே ஆசிரியர் கலையின் நுட்பங்களை விரித்துப் பேசுவார். பெற்ற தந்தையைப் போல மாணவரின் பள்ளிப்பணி எப்படிப் போகிறது என்றும் விசாரிப்பார்.

இந்தக் கண்டிப்பை ஆசிரியர் வித்தையை ஒளித்துவைத்ததாகக் கொள்வது பிழையாகும். நைஹாஞ்சியில் கால்கள் மிகக் குறைவாகவே இடம்பெயர்வதால், கைக்கு வேண்டிய விசை இடுப்பிலிருந்தும் உடற்பகுதியிலிருந்தும் பிறந்தாக வேண்டும். பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கும்போது இடுப்பு ஒரு விரற்கடை மேலெழுந்தாலும், குத்தும்போது தோள் தூக்கிக்கொண்டாலும், அந்த விசை சிதறிவிடும். செய்கிறவருக்குத் தம் இடுப்பு எழுந்தது தெரியாது, பார்க்கிறவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிட்டால் மாணவர் அந்த ஒரு பிழையை மட்டும் திருத்துவார். சொல்லாமல் மறுபடியும் செய்யச் சொன்னாலோ அவர் தம் உடல் முழுவதையும் தாமே துழாவிப் பார்த்தாக வேண்டும். நெடுங்காலப் பயிற்சியில் ஆசிரியர் கொடுக்கும் மிகப் பெரிய கொடை, புதியதைக் கற்பிப்பதைவிட, புதியதைத் தர மறுத்துப் பழையதன்மேல் கண்ணை வைத்திருப்பதே ஆகும்.

அப்படி ஊறிய நிலைப்பு எத்தகையது என்பதை ஃபுனகோஷி முதுமையில் எழுதிய தன்வரலாற்றின் ஒரு பகுதி காட்டுகிறது. ஒக்கினாவாவைக் கடும்புயல் தாக்கிய ஒருநாள், ஃபுனகோஷி அரைக்கச்சையுடன் தம் வீட்டுக் கூரைமீது ஏறி, தத்தாமி எனப்படும் கனத்த வைக்கோல் தரைப்பாயைக் கைகளில் கேடயமாகப் பிடித்து, நைஹாஞ்சியின் குதிரை நிலையில் காற்றை எதிர்த்து நின்றார். காற்று அவரைக் கீழே வீழ்த்தியது. சேறு படிந்த உடலோடு மீண்டும் ஏறி நின்றார். முற்றத்தில் ஆயிரம் முறை செய்த நிலை, ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் மாணவரைச் சோதனைக்கு இழுத்துச் செல்லும் அளவுக்கு அவருக்குச் சொந்தமாகியிருந்தது.

ஃபுனகோஷி கற்றது அசாத்தோவிடம் மட்டுமல்ல. அசாத்தோவின் நெருங்கிய நண்பரான அன்கோ இத்தோசுவும் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். வாள்வித்தையிலும் தேர்ந்திருந்த அசாத்தோ, எதிராளியின் கையையும் காலையும் வாளாகக் கருதி, அவை தம்மீது படவே கூடாது என்றார். உருண்டு திரண்ட உடலுடைய இத்தோசுவோ, அடியைத் தாங்கும் அளவுக்கு உடலை உறுதியாக்குவதில் நம்பிக்கை வைத்தவர். ஒரே ஆசானிடம் கற்ற இருவர் இவ்வளவு வேறுபட்ட கொள்கை கொண்டிருந்தும் ஒரே மாணவரைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதும், வேறு வல்லுநர்களிடமும் அவர் கற்பதற்குத் தடையாக நிற்கவில்லை என்பதும் போற்றத்தக்கவை. மாணவரை உடைமையாகக் கருதி, பிற பள்ளிகளின் வாசலை மிதிக்கக்கூடாது என்று விதிக்கும் வழக்கத்துக்கு இம்மரபிலிருந்து ஆதாரம் காட்ட முடியாது.

இரவில், வீட்டு முற்றத்தில் தனித்தனியாகக் கற்பிக்கும் நிலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறியது, மாற்றியவரும் இத்தோசுவே. ஒக்கினாவாவின் பள்ளிகளில் கராத்தேயைப் புகுத்த அவர் முயன்றார். சிறுவர்கள் படிப்படியாகக் கற்பதற்கேற்ப பினான் என்னும் ஐந்து கட்டாக்களை வகுத்தார். 1908-இல் கல்வி அதிகாரிகளுக்காகப் பத்துக் குறிப்புகள் கொண்ட மடல் ஒன்றையும் எழுதினார். நாளுக்கு ஓரிரு மணி நேரமாக மூன்று நான்கு ஆண்டுகள் பயின்றால் உடலே வேறாகிவிடும் என்று அதில் அவர் கூறுவது கவனிக்கத்தக்கது. பள்ளி மாணவருக்காகச் சுருக்கியபோதும் ஆண்டுக்கணக்கை அவர் கைவிடவில்லை. வரிசையாக நின்று கட்டளைக்கு ஒருசேர அசையும் ஐம்பது சிறுவரின் இடுப்பை ஒருவர் பார்த்துவிட முடியாது என்பது பெரிய இழப்புதான். ஆயினும் சில குடும்பங்களின் முற்றங்களுக்குள் அடங்கியிருந்த கலை எளிய வீட்டுப் பிள்ளைகளையும் எட்டியது அம்மாற்றத்தால்தான். இவ்விரண்டையும் எடைபோட்டால் இத்தோசு செய்தது சரியே எனத் தோன்றுகிறது.

1922-இல் தோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டி, அங்கேயே தங்கிவிட்ட ஃபுனகோஷி, ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோவின் தரவரிசை முறையைத் தழுவி, 1924-இல் தம் மாணவர் சிலருக்கு முதல் தான், அதாவது கறுப்புப் பட்டைத் தகுதி, வழங்கினார். பெருகிவந்த மாணவர்களின் தேர்ச்சியை அளக்க அவருக்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அசாத்தோவும் இத்தோசுவும் அவருக்கு எந்தப் பட்டையும் அளித்ததில்லை.