திறந்த படலையும் திரும்பாத பிள்ளையும்

2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆந் திகதி கொரோனாத் தொற்றை முன்னிட்டு இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, அது சில வாரங்களுக்கு மட்டுமே உரிய முன்னெச்சரிக்கை என்றுதான் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணியிருந்தனர். ஆனால் அவ்வாண்டு ஜூலை 6இல் பரீட்சை வகுப்புகளுக்காகத் திறந்த கதவுகள் கந்தக்காட்டுப் புனர்வாழ்வு நிலையத்தில் உண்டான தொற்றினால் ஒரு வாரத்துக்குள் அடைபட்டதும், ஓகஸ்டில் மறுபடி திறந்தவை மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியால் ஒக்டோபரில் மூடப்பட்டதும், 2021 ஏப்ரல் இறுதியில் வந்த அலை எஞ்சிய நம்பிக்கையையும் கொண்டுபோனதும், அது போதாதென்று ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டை முன்னிட்டு இணையவழிக் கற்பித்தலிலிருந்தும் விலகிக்கொண்டதுமாகத் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நேர்ந்து, அவ்வாண்டு ஒக்டோபர் 21இல் 200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகளும், நவம்பர் 8இல் தரம் 10 முதல் 13 வரையும், நவம்பர் 22இல் தரம் 6 முதல் 9 வரையும் இயங்கத் தொடங்கியபோது, ஏறக்குறைய 20 மாதங்கள் கழிந்துவிட்டிருந்தன.

பாடசாலை தடைப்படுவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய அநுபவமன்று. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு போரினால் வலிகாமமே பெயர்ந்து சென்றபோது, சனங்களோடு பாடசாலைகளும் பெயர்ந்து, தென்மராட்சியிலும் வன்னியிலும் பிறருடைய கட்டடங்களில் மாலை நேர வகுப்புகளாக உயிர்பிழைத்தன. தொற்றுக்காலத்தின் விபரீதம் வேறு விதமானது: ஊரும் கட்டடமும் இருந்த இடத்திலேயே இருக்க, பிள்ளை மட்டும் வகுப்பிலிருந்து மெல்ல மெல்ல விலகிப் போயிற்று. குண்டு விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளை வகுப்பைவிட்டு நழுவுவது வரவு இடாப்பைப் பார்ப்பவருக்கு அல்லாமல் வேறொருவருக்கும் தெரிவதில்லை.

கரையூர் என்று முன்னோர் வழங்கிய குருநகரில் இந்த நழுவலுக்கு வழி அதிகம். தொடர்மாடிக் குடியிருப்பிலும் நெருக்கமான ஒழுங்கைகளிலும் வாழும் குடும்பங்களுக்குக் கடற்றொழிலே ஜீவனம். ‘தொழிலுக்குப் போதல்’ என்றால் இங்கே கடலுக்குப் போதல் என்றுதான் பொருள். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் கொத்தணி உருவானதும் நாடெங்கும் மீன் என்றாலே சனங்கள் அஞ்சி ஒதுங்க, மீன்பிடித்துறை அமைச்சுப் பொறுப்பை முன்னர் வகித்த திலிப் வெதஆரச்சி பத்திரிகையாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்கு நிலைமை முற்றிற்று. அந்த விநோதத்தைக் கண்டு நகைத்தவர்கள், மீன் விலைபோகாத வீட்டில் திறன்பேசிக்கு ‘டேட்டா’ எப்படி வாங்குவது என்பதைச் சிந்தித்திருக்கமாட்டார்கள். நாட்டில் ஏறக்குறைய ஐந்து வீடுகளில் ஒன்றிலேயே கணினி இருந்த காலம் அது. தகப்பனார் விடியலில் கைபேசியைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டால், காலைப் பாடம் எந்தப் பிள்ளைக்கு?

கையும் காலும் சும்மா இருக்கும் பதினான்கு வயதுப் பையனை, ஆள் குறைந்த படகிலே துணைக்கு ஏற்றிக்கொள்வது இத்தகைய சந்தர்ப்பத்தில் கொடுமையாகத் தோன்றுவதில்லை; உதவியாகவே தோன்றும். வலை தெரிப்பதிலும் நண்டு கழற்றுவதிலும் கைக்காசு கண்டுவிட்ட பிள்ளைக்கு வாங்குப்பலகை பின்னர் உறுத்துகிறது. பெண்பிள்ளையின் கதை இன்னும் மௌனமானது. அவள் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் நின்றுவிடுகிறாள், அதை இடைவிலகல் என்று ஒருவரும் பெயரிடுவதில்லை. மீளத் திறந்த பின் 20 பேருக்கு உட்பட்ட வகுப்பு தினமும், 40 வரையுள்ளது இரு பிரிவாகவும், அதற்கு மேற்பட்டது மூன்று பிரிவாகவும் மாறி மாறி வரலாம் என்று வகுத்த ஏற்பாடு சுகாதாரத்துக்கு நியாயமானதே. ஆனால் வீட்டில் இருக்கும் வாரந்தான் கடல் பிள்ளையை அழைக்கும் வாரம் என்பதை அந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை.

நோயின் அபாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிறுவரைப் பெரும்பாலும் இலேசாகத் தீண்டிப்போகும் தொற்று, அதே வீட்டில் ஒரே அறையில் உறங்கும் பாட்டனாரைச் சாய்க்கக்கூடும் என்ற பெற்றோரின் அச்சம் மெய்யானது. அதற்கான பரிகாரம் யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குவதும், காய்ச்சலுள்ள பிள்ளையை வீட்டில் நிறுத்துவதும், கைகழுவ நீர் இருக்கிறதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுவதுமாகும். பாடசாலையை விட்டு நிற்பதிலும் சுகாதார நட்டம் உண்டு: தரம் 6இல் பெண்பிள்ளைகளுக்குரிய கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசியும், தரம் 7இல் ஏற்பு, தொண்டைக்கரப்பான் தடுப்பூசியும் பாடசாலை வாயிலாகவே வழங்கப்படுகின்றன, தவறவிட்டவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் பெறலாம்.

இனி உரிமையைப் பார்ப்போம். 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். பாடநூல் 1980இலிருந்தும், சீருடைத் துணி 1993இலிருந்தும் அரசாங்கத்தின் செலவு. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1998இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கின; 2016இல் அவ்வெல்லை 16ஆக உயர்ந்தது. தொழிலில் அமர்த்துவதற்கான ஆகக் குறைந்த வயதும் 2021இன் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் 16ஆயிற்று. ஆபத்தான வேலைகளுக்கு 18 வயதுக்குட்பட்டவரை வைத்தலாகாது. ஆகவே 14 நிரம்பிவிட்டது, இனித் தொழிலுக்கு விடலாம் என்று ஊரில் இன்றும் பேசப்படும் கணக்கு சட்டப்படி செத்துப்போன கணக்கு. இக்கட்டாயம் பெற்றோர்மேல் மட்டும் விழுவதன்று. பிள்ளையை ஏற்று இடங்கொடுக்கும் கடமை பாடசாலைக்கும் உண்டு. மாதக்கணக்காக வராத பிள்ளை திரும்பி வரும்போது, ‘பேர் வெட்டியாயிற்று’ என்றோ, அபிவிருத்திச் சங்கத்துப் பணம் நிலுவை என்றோ, சப்பாத்து இல்லை என்றோ திருப்பி அனுப்புவது நியாயமாகாது.

அப்படி யாரேனும் அனுப்பினால் வாய்ச்சண்டை வேண்டாம். அதிபருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். பதிலில்லையேல் கோட்டக் கல்வி அலுவலகம், அதன்மேல் யாழ்ப்பாண வலயக் கல்விப் பணிப்பாளர், அதன்மேல் மாகாணக் கல்வித் திணைக்களம் என்று படிப்படியாகச் செல்லலாம். பிள்ளை வேலைக்கு வைக்கப்பட்டிருந்தாலோ துன்புறுத்தப்பட்டாலோ 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அழைக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் அணுகலாம். கல்விக்குச் சமவாய்ப்பு என்பது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில் வழிகாட்டும் கோட்பாடாகவே நிற்கிறது. அதை வைத்து மட்டும் வழக்காட முடியாது. பிள்ளைக்குப் பிள்ளை பாரபட்சம் காட்டப்பட்டால் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமை கைகொடுக்கும். ஆயினும் உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரே மாதந்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் கட்டணமின்றி முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருக்கிறது என்று காட்ட வேண்டுமென்று நீதிமன்றம் கேட்டிருப்பதால், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு பேசாதிருப்பது பயன்தராது.

இரண்டு வருஷத்தை இழந்து வயதும் கடந்துவிட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவு இடைவிலகியோருக்காகவே இருக்கிறது. சாதாரண தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடப் பிரிவில், சாதாரண தரப் பெறுபேறு எப்படியிருந்தாலும், தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளிற் சேரலாம்.

ஊருக்குப் பொதுவாக ஒரு காரியம் உண்டு. 2020 மார்ச்சில் இடாப்பில் இருந்தவர் எத்தனை பேர், அவர்களில் திரும்பியோர் எத்தனை, திரும்பாதோரைப் பாடசாலை வரவைக் கண்காணிக்கும் குழு தேடிச் சென்றதா என்று 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரைக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயாற் கேட்டாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலைநாட்களுக்குள் முடிவு வரவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அங்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்க வேண்டாம், தொகையை மட்டும் கேளுங்கள்; பெயர்கள் தனிப்பட்டவை என்ற காரணத்தால் மறுக்கப்படும், தொகையை மறுக்க அவ்வளவு இலகுவில் காரணம் கிடைக்காது.